வீட்டுக்கொரு மின்தூக்கி

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

மாடிப்படி இளைஞனுக்கு விளையாட்டு, முதியவருக்கோ மலை. எங்கள் வீட்டின் கீழ்த்தளம் கடை, குடியிருப்பு மாடியில். முழங்கால் தேய்ந்த என் தாத்தா இரண்டு ஆண்டுகளாகத் தெருவைச் சன்னல் வழியாகவே பார்த்து வந்தார். மின்தூக்கி, அதாவது லிப்ட், வைக்கக் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மீறியது. இரும்புப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, "கூண்டு, மோட்டார், கயிறு, இவ்வளவுதானே! நாமே செய்துவிடலாம்" என்றார்.

கூண்டு உருவாயிற்று. கட்டட வேலையில் செங்கல் ஏற்றப் பயன்பட்ட பழைய மோட்டார் ஒன்றும் வந்து சேர்ந்தது. ஏறச் சொன்னபோது தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கயிறு அறுந்தா என்னப்பா ஆகும்?" மாமாவிடம் விடை இல்லை. கூண்டில் மணல் மூட்டைகளை ஏற்றி, மாடி உயரத்தில் நிறுத்தி, எட்டி நின்று கயிற்றை விடுவித்துப் பார்த்தார். மூட்டைகள் வெடித்துச் சிதறின. 3.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 0.82 வினாடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர். வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். அதன் பிறகே மின்தூக்கியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூக்குவது எளிது

நம் ஊர்த் துலாக்கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். கல்லின் எடை சாலை மேலே கொண்டுவர உதவுகிறது. மின்தூக்கியின் எதிரெடையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கூண்டு 200 கிலோ, ஏறும் இருவர் 140 கிலோ, வேகம் வினாடிக்கு 0.15 மீட்டர் என்று கொள்வோம். எதிரெடை இல்லாவிட்டால் 340 கிலோவையும் மோட்டாரே தூக்க வேண்டும். தேவையான திறன் ஏறத்தாழ 500 வாட். கூண்டின் எடையோடு சுமையில் பாதியைச் சேர்த்து 270 கிலோ எதிரெடை தொங்கவிட்டால், மோட்டார் தூக்க வேண்டிய வேறுபாடு 70 கிலோதான். திறன் 103 வாட்டாகக் குறைந்துவிடுகிறது! உராய்விலும் பல்சக்கரத்திலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் போதும்.

விழாமல் காப்பதே அரிது

அமெரிக்கரான எலிசா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில் உயரத்தில் ஒரு மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். மேடை விழவில்லை. கயிறு இறுக்கமாக இருக்கும்வரை மேடையின் தலையில் இருந்த வில் வளைந்து நிற்கும். கயிறு அறுந்ததும் வில் நிமிரும்; இருபக்கத் தூண்களில் உள்ள பற்களில் கொக்கிகளை மாட்டிவிடும். மூன்றாண்டுகள் கழித்து, 1857இல் நியூயார்க் கடையொன்றில் மக்கள் ஏறும் தூக்கியை அவர் அமைத்தார். உயரத் தூக்கும் கருவிகள் அவருக்கு முன்பே இருந்தன. மனிதன் நம்பி ஏறும் கருவியாக அதை ஆக்கியது அந்தக் கொக்கிதான்.

கயிறு அறாமல், பல்சக்கரம் மட்டும் உடைந்தால்? கயிறு தளராது; வில்லும் நிமிராது. அதற்காகவே வேகக் கட்டுப்படுத்தி என்ற தனி உறுப்பு உண்டு. கூண்டு அளவுக்கு மீறி விரைந்தால், அதில் சுழலும் குண்டுகள் மையத்தைவிட்டு விலகி, பக்கத்தில் ஓடும் தனிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அக்கம்பி கூண்டின் கவ்விகளை இழுத்து வழித்தண்டுகளைப் பற்றச் செய்யும்.

மின்வெட்டுக்கும் வழி வேண்டும். மின்சாரம் உள்ளபோது காந்தம் தடையை விலக்கி வைக்கும். மின்சாரம் நின்றால் வில் தானாகவே தடையை அழுத்திவிடும். ஆகவே கூண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். கையால் மெல்ல இறக்கவும் ஏற்பாடு தேவை.

கதவை மறக்கக் கூடாது. கூண்டு அந்தத் தளத்தில் இல்லாதபோது கதவு திறக்கக் கூடாது. கதவு திறந்திருந்தால் கூண்டு நகரக் கூடாது. கயிறு அறாமலே வெறும் குழியில் காலை வைத்து விழ முடியும் அல்லவா?

எங்கே சிக்கனம்?

வேகத்தைக் குறைக்கலாம். கூண்டைச் சிறிதாக்கலாம். பளபளக்கும் தகடும் கண்ணாடியும் வேண்டாம். கதவைக் கையால் திறந்துகொள்ளலாம். சுவரை நம் ஊர்க் கொத்தனாரே கட்டுவார். எதிரெடைக்குப் பழைய இரும்புக் கட்டிகள் போதும். ஆனால் வடம், கவ்வி, தடை, கதவுப் பூட்டு ஆகிய நான்கிலும் காசு பார்க்கக் கூடாது. ஒரு வடத்துக்கு இரண்டாகப் போட வேண்டும். அவை சுமையைப் போல் பல மடங்கு தாங்க வேண்டும் என்பது பொறியியல் நெறி. செங்கல் ஏற்றும் கருவி ஆள் ஏற்றும் கருவி ஆகாது.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மின்தூக்கிச் சட்டம் நிறுவுவதற்கு அனுமதியும் இயக்குவதற்கு உரிமமும் கேட்கிறது. அதை வீண் தொல்லை என்று மாமா முதலில் முணுமுணுத்தார். சிதறிய மணலை அள்ளிய பிறகு முணுமுணுக்கவில்லை.

இப்போது அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் துணையோடு வேலை நடக்கிறது. கவ்வி முதலிய காப்புறுப்புகளை விலைக்கே வாங்கினோம். கூண்டும் கதவும் மாமாவின் பட்டறையில் உருவாகின்றன. சென்ற மாதம் மூட்டைகளோடு மீண்டும் சோதித்தோம். கூண்டு ஒரு சாண் இறங்கி, வழித்தண்டைக் கவ்விக்கொண்டு நின்றது. தாத்தா சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உரிமம் வரட்டும்" என்றார்.