முன்பணமும் ஆணித் துவாரங்களும்

சாமான்கள் யாவும் வண்டியேறிய பிற்பாடு, வெறுமையான கூடத்தில் நின்று, சுவரிலுள்ள ஆணித் துவாரங்களை விரலால் தடவி எண்ணியபடியே, வெள்ளையடிப்புக்கென்று முன்பணத்தில் எவ்வளவு கழிக்கலாமென்று வீட்டுக்காரர் யோசிக்கும் அந்த நிமிஷத்தில்தான், சென்னையில் எத்தனையோ குடித்தனக்காரர்களின் வியாஜ்யம் ஜனிக்கிறது.

1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாதென்றும், வீடு காலியான ஒரு மாதத்துக்குள் உரிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டுமென்றும் விதிக்கிறது. வாடகை நின்றுபோனாலுங்கூட, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடும்பத்தை விரட்டுவதை அது அனுமதிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அப்படி நிறுத்துவது மகா கொடுமையென்றே நான் சொல்வேன். வாடகை நீதிமன்றம் வரை போகுமுன், எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு, குடியேறும் தினத்திலேயே சுவர், குழாய், மின்மானி ஆகியவற்றின் நிலையைக் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ஒரு காகிதம் இருந்தால், பாதி விவாதம் கூடத்திலேயே தீர்ந்துவிடும்.