வரைகலை அட்டை மிகைவெப்பம்

வரைகலை அட்டை மிகைவெப்பம் என்பது மேசைக் கணினியின் வரைகலை அட்டை தன்னில் உண்டாகும் வெப்பத்தை உரிய வேகத்தில் வெளியேற்ற இயலாத நிலையாகும். அட்டை பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 2010இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 480இன் மின்தேவை 250 வாட். 2022இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090இன் மின்தேவை 450 வாட்.

வெப்பநிலை எல்லையைத் தொட்டதும் (ஆர்டிஎக்ஸ் 4090க்கு 90 பாகை செல்சியசு) சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதனால் விளையாட்டுகள் தடுமாறும்; முற்றினால் திரை இருண்டு கணினி அணையும். வலுக்குறைந்த மின்வழங்கியும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், முதலில் வெப்பநிலையை அளந்து பார்த்தல் வேண்டும். விண்டோசின் பணி மேலாளர் 2020 முதல் இதனைக் காட்டுகிறது.

கணினிப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றியதும் வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால், குறை அட்டையில் அன்று, பெட்டியின் காற்றோட்டத்திலேயே உள்ளது. எளிய சோதனையாயினும் பலர் இதைச் செய்வதில்லை.

பெரும்பாலும் வெப்பத்தகடுகளின் இடையே படியும் தூசியே காரணம். மின்னிணைப்பைத் துண்டித்து, அட்டையை வெளியே எடுத்துக் காற்றை ஊதித் துப்புரவு செய்யலாம். அப்போது விசிறி இதழ்களை விரலால் அசையாது பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டின்றிச் சுழன்றால் அதன் தாங்கி பழுதாகலாம். பழைய அட்டையாயின் சில்லின் மேலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருக்கக்கூடும். பசையை மாற்றுகையில், நினைவகச் சில்லுகளின் மேலுள்ள மெத்தைப்பட்டைகளை அதே தடிப்பில் இடாவிடின் இடைவெளி விழுந்து நினைவகம் சூடேறும். உத்தரவாதக் காலம் முடியாத அட்டையைப் பிரிக்காமல், மென்பொருள்வழி மின்வரம்பைச் சற்றுக் குறைப்பது நன்று.