உங்களுக்குத் தெரியுமா? திரண்ட தோள், திடமான பெண்: ஓவியங்களும் சிற்பங்களும்

● நிபோங் திபாலில் கொமுட்டர் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் அக்கரை சேர்ந்தால் ஜார்ஜ் டவுன். அங்கே லெபோ முந்த்ரி சுவரில் நீல உடை அணிந்த பிரம்மாண்டமான சிறுமி ஒருத்தி, இரண்டு கைகளையும் ஊன்றித் தன் முழு எடையையும் தூக்கிப் பிடிக்கிறாள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரெவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது அது. பினாங்கின் புகழ்பெற்ற சுவரோவியங்களில் அதுவும் ஒன்று.

● மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பு. எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எதிரே மகிடன் தண்டாயுதத்தோடு பின்வாங்குகிறான். அவள் உடல் மெலிந்ததுதான். அவளுடைய வலிமையை ஆயுதங்களிலும், முன்னோக்கிப் பாயும் நிலையிலும் காட்டினான் சிற்பி.

● மலேசியத் தமிழர் கும்பிடும் பெரியாச்சியைப் பாருங்கள். காலடியில் மன்னன், மடியில் அரசி, உயர்த்திய கையில் பச்சைக் குழந்தை. குழந்தை பிறந்த வீடுகளில் அவளுக்குப் படையல் போடும் வழக்கம் இன்றும் உண்டு. தாயையும் பிள்ளையையும் காக்கும் தெய்வத்தை இத்தனை வலிமையோடு வடித்த மரபு நம்முடையது.

● மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் தேவாலயக் கூரையில் ஓவியம் தீட்டினார். அதில் லிபியக் குறிகாரி பெரிய நூலைத் தூக்கும்போது, முதுகுத் தசைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். அதற்காக அவர் பார்த்து வரைந்தது ஓர் ஆணின் முதுகை! அந்தப் பயிற்சி ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● 1943 மே 29 தேதியிட்ட 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' அட்டையில், ரிவெட் அடிக்கும் இயந்திரத்தை மடியில் வைத்து, பருத்த கைகளோடு சாப்பிட அமர்ந்திருப்பாள் 'ரோசி'. வரைந்தவர் நார்மன் ராக்வெல். அமரும் தோரணையை, அதே சிஸ்டைன் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஏசாயா தீர்க்கதரிசியிடமிருந்து எடுத்தார். மாடலாக இருந்தவரோ ஒல்லியான 19 வயதுத் தொலைபேசி ஊழியர். உடலைப் பெரிதாக்கி வரைந்ததற்காக ராக்வெல் பின்னர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

● அதே 1943இல் சிங்கப்பூரில் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படை உருவானது. தலைமை, கேப்டன் லட்சுமி. துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். சீருடையில் அவர்கள் அணிவகுக்கும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன.

● உடற்கட்டுப் பெண்ணைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப். 1979இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பெண்கள் உலக உடற்கட்டுப் போட்டியில் வென்ற லிசா லயனை அவர் எடுத்த படங்கள் 1983இல் நூலாக வெளிவந்தன. ஆண் உடலைப் பார்த்துப் பெண்ணை வரைய வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. அவளே நின்றாள், அவளையே படமெடுத்தார்.

● 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' வீடியோ கேமில் வரும் ஆபியின் உடலமைப்புக்கு, கிராஸ்ஃபிட் வீராங்கனை ஒருவரின் உடலே மாதிரி. 2021இல் டிஸ்னியின் 'என்காண்டோ' படத்தில், கழுதைகளைச் சுமக்கும் அகன்ற தோள் லூயிசாவைக் குழந்தைகள் கொண்டாடினார்கள்.

● வரையப் போகிறீர்களா? ஆணுக்குள்ள அதே தசைகள்தாம் பெண்ணுக்கும். பருமனில்தான் வேறுபாடு. முழங்கையை மடக்கினால் மேற்கையின் முன்தசை திரளும், பின்தசை தளரும். கனத்த வாளியைத் தூக்கினால் முன்கை முறுக்கேறும், கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள தசை புடைக்கும். இதைக் கவனித்து வரைந்தால் கோடுகளில் உயிர் இருக்கும்.

● நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்கள் கரும்பு, ரப்பர், செம்பனை எனப் பயிர் மாறியவை. அங்கே விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோர் வரை சுமந்தவர்களில் நம் பாட்டிமார்களும் உண்டு. அந்தத் தோள்களை ஓவியத்தில் காண்பது அரிது. மாணவர்களே, அடுத்த ஓவியப் போட்டியில் வலிமையைப் பற்றி வரையச் சொன்னால், முதலில் உங்கள் பாட்டியின் கைகளைப் பார்த்து வரையுங்கள். அவருடைய பெயரையும் படத்தின் கீழே எழுதுங்கள்.