கொச்சித் துறைமுகத்துத் தூண்டிலும் என் கடை மீன்புளியும்

மலர்க் குழுவினர் வழக்கம்போல் சமணமும் தமிழும் பற்றி ஒரு கட்டுரை எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவன், மீனைப் பற்றி என்ன அறிவான் என்று அன்பர்கள் சிரிக்கலாம். மட்டாஞ்சேரியில் முப்பத்தெட்டு வருஷமாக மிளகும் குடம்புளியும் விற்கிறேன். பக்கத்துக் கடை நாகர்கோவில் அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் ஃபோர்ட் கொச்சி கமாலக்கடவில் தூண்டில் போடுகிறவர். "நயினாரே, தூண்டிலை நீங்க தொட வேண்டாம், குடையை மட்டும் பிடிங்க" என்று இருபது வருஷத்துக்கு முன் அழைத்துப் போனார். அன்று முதல் குடை என் கையில்தான்.

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளமே கொச்சியின் அழிமுகத்தைத் திறந்தது என்பது வழிவழிச் செய்தி. 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்த வாயை ஆழமாக்கினார். தோண்டிய மண்ணில் எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. ஆறும் கடலும் இங்கே கலப்பதால் மழைக்காலத்தில் நீர் ஏறக்குறைய நன்னீர், தை முதல் வைகாசி வரை உப்பு. மீனும் அதற்கேற்ப மாறும்.

தூண்டில்காரனுக்கு முதல் பாடம் ஓதம். மலையாளத்தார் வேலியேற்றம், வேலியிறக்கம் என்பார்கள். கொச்சியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் நீர் ஓடும்போதுதான் மீன் கொத்தும். நீர் நிற்கிற நேரத்தில் எல்லோரும் டீக்கடையில் இருப்பார்கள். ஓத நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்து நேரம் இந்த வாரம் உதவாது. கப்பல் கட்டும் துறைகளில் வெளியாருக்கு அனுமதி கிடையாது. படகுத்துறை, கல்கரை இவைதான் நமக்கு.

அண்ணாச்சிக்குத் தூண்டில் கழி கிடையாது. நைலான் நரம்பு, ஈயக்குண்டு, முள், இறால் துண்டு, அவ்வளவுதான். கரிமீனுக்கு மட்டும் சின்ன முள்ளில் பிசைந்த மைதா. இளைஞர்கள் ஃபைபர் கழியும் ரீலும் செயற்கை இரையுமாகக் கொடுவாய்க்குக் காத்திருக்கிறார்கள். மாட்டுவது பெரும்பாலும் கெளுத்தி. அதன் முள் குத்தினால் விஷம். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உப்பிக்கொள்கிற பேத்தை மீன் வந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கரிமீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1790-இல் பிளாக் என்ற ஜெர்மானியர் இதற்குச் சூரத் நகரின் பெயரை ஒட்டி அறிவியற் பெயர் வைத்தார். குஜராத்தியர் நிறைந்த மட்டாஞ்சேரியில் இது பொருத்தம்தான்! 2010-இல் இதைக் கேரள மாநில மீனாக அறிவித்தார்கள். இந்த மீன் முட்டையைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்ட வைத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் இருக்கும்; குஞ்சு பொரித்த பிறகும் விலகாது. தெளிந்த நாளில் கல்கரை ஓரம் அந்த ஜோடியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனிச் சமையல். நாவால் அறியேன், மூக்கால் அறிவேன். கரிமீனுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு தடவி ஊற வைத்து, தேங்காய் எண்ணெயில் லேசாக வறுத்து, வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு மசாலாவோடு வாட்டிய வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சுட்டெடுப்பார் அண்ணாச்சி வீட்டம்மா. மடவை கிடைத்தால் குழம்புதான். மண்சட்டியில், அரைக் கிலோவுக்கு மூன்று நான்கு சுளை குடம்புளி. மலையாளத்தில் இதற்கு மீன்புளி என்றே பெயர். பழம் மழைக்காலத்தில் பழுப்பதால் வெயிலை நம்ப முடியாது; ஓட்டைக் கீறிப் புகை போட்டு உலர்த்துகிறார்கள். நல்ல சரக்கு கறுப்பாக, மெத்தென்று, புகை வாசத்தோடு இருக்கும். முறித்தால் நொறுங்குவது பழசு. இந்தப் புளிப்பு குழம்பை எளிதில் கெடவிடாது. மறுநாள்தான் ருசி என்கிறார்கள்.

பேரனும் இப்போது எங்களோடு வருகிறான். போன வருஷம் கரையில் உட்கார்ந்தபடியே கேட்டான்: "தாத்தா, மீன் சாப்பிடறது தப்புன்னா, மீன்புளி விக்கிறது?"

திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். உண்பவனை மட்டுமல்ல, விலைக்குத் தருபவனையும் வள்ளுவர் அதில் விடுவதில்லை. இறைச்சி விற்பவனைத்தானே சொன்னார், புளி விற்பவனை இல்லையே என்று மனசுக்குள் தப்பிக்கப் பார்த்தேன். "ரசத்துக்கும் வாங்கறாங்க, உடம்பு இளைக்க மாத்திரை செய்யறவங்களும் வாங்கறாங்க" என்றேன். "எத்தனை மூட்டை?" என்றான். பேரேடு எழுதுகிறவன் நான். பொய் சொல்ல வரவில்லை. பத்தில் ஒன்பது மீன் குழம்புக்குத்தான்.

கடையில் குடம்புளியை நிறுத்தவில்லை. வயிற்றுப் பிழைப்பு. அண்ணாச்சியிடம் மட்டும், காவல் நிற்கிற கரிமீன் ஜோடிப் பக்கம் முள்ளை இறக்க வேண்டாம் என்று கேட்டேன். "நயினார் சொன்னா சரி" என்று பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். பக்கத்துத் தூண்டில்காரர் ஒருவர் சிரித்துவிட்டு அதே இடத்தில் இரையைப் போட்டார். பேரன் அவரையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

அவன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஓதம் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்திருக்கிறான். குடையை நான்தான் எடுத்துப் போக வேண்டும்.