கொடை விழாவில் சினிமாப் பாட்டு: நாதஸ்வரத்துக்குள் எப்படி அடங்குகிறது?

நாஞ்சில் நாட்டு அம்மன் கோயில் கொடையில் கரகாட்டம் சூடுபிடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: "அண்ணாச்சி, அந்தப் பாட்ட எடுங்க!" பாட்டின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரு வரியை முணுமுணுத்தால் போதும், நையாண்டி மேளம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் பெரிய வாத்தியக்குழு வாசித்ததை ஏழெட்டுப் பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பொதுவாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். இதுதான் மொத்தக் குழுவும்.

முதல் சிக்கல் சுருதி. பாட்டு எந்தக் கட்டையில் இருந்தாலும் நாதஸ்வரம் தன் சுருதிக்குத்தான் இழுக்கும். விரல் துளைகள் ஏழுதான். இடைப்பட்ட ஸ்வரங்களைத் துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் அழுத்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும் எடுக்க வேண்டும். அதனால்தான் குழைந்து போகும் பழைய மெலடிகள் இதில் அப்படியே பாடுவதுபோல் கேட்கின்றன. ஸ்வரம் விட்டுத் தாவும் வேகப் பாட்டுகள் படுத்தி எடுக்கும்.

அடுத்தது பின்னணி இசை. கிதார், வயலின் எல்லாம் சேர்ந்து ஒலிப்பதை இங்கே கொண்டுவர முடியாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசையில் காதில் நிற்கும் ஒரு துணுக்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைத் தவில் நிரப்பும். டிரம்ஸ் அடியைப் பம்பையும் தமுக்கும் பார்த்துக்கொள்ளும்.

இதை ஏதோ கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிழக்கிந்திய கம்பெனிக் காலத்து மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரே நோட்டு ஸ்வர சாகித்யங்கள் எழுதியிருக்கிறார். இங்கிலாந்து தேசிய கீத மெட்டும் அதில் ஒன்று. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் சினிமாவே நாதஸ்வரத்தைத் தேடிப் போனது. காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்போடு எஸ்.ஜானகியின் குரல் போட்டி போட்ட 'சிங்கார வேலனே தேவா' இன்றும் ஒலிக்கிறது.

இப்போதைய சிக்கல் வேறு. குமரி மாவட்டத்தில் சிங்காரி மேளத்துக்கும் மவுசு கூடிவிட்டது. செலவைக் குறைக்க நினைக்கும் இடங்களில், "ஒரு நாதஸ்வரம் போதும், கீபோர்டு வச்சுக்கலாம்" என்ற யோசனை எளிதாக வந்துவிடுகிறது. ஆனால் இரண்டாவது நாதஸ்வரம் சத்தத்துக்காக மட்டும் இல்லை. முதல் ஆள் மூச்சு வாங்கும்போது பாட்டைத் தாங்குவது அவர்தான். அவர் இல்லாவிட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் பாட்டு அறுந்து அறுந்து விழும்.