நம்ம ஸ்கூல் பொண்ணுங்க விட்ட சாட்டிலைட்!

காலையில கன்னிவாடியில பஸ் ஏறி, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே திண்டுக்கல் காலேஜுக்குப் போற ஆளா நீங்க? ஃபர்ஸ்ட் இயர் முதல் நாள் பக்கத்து சீட் பார்ட்டி கேட்டிருக்குமே... ‘‘ப்ளஸ் டூ எந்த ஸ்கூல்?’’ அப்போ ‘‘கவர்மென்ட் ஸ்கூல்’’னு சொல்லும்போது உங்க குரல் லேசா இறங்குச்சா? அப்படின்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

திண்டுக்கல்லில் இருந்து மதுரையைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் திருமங்கலம். அங்கிருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளின் கைவேலை ஒன்று ராக்கெட் ஏறியது தெரியுமா?

சுதந்திரத்தின் 75-வது ஆண்டையொட்டி, சென்னையைச் சேர்ந்த ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ அமைப்பு ஒரு திட்டம் போட்டது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், மொத்தம் 750 மாணவிகள். எல்லோரும் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள். பெயர், ஆசாதிசாட். எடை சுமார் 8 கிலோ. அதற்குள் 75 குட்டிக் கருவிகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 50 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டை வெயிட்! அந்த 75 பள்ளிகளில் ஒன்றுதான் திருமங்கலம்.

ஓவர் பில்டப் வேண்டாம். ராக்கெட்டை இவர்கள் கட்டவில்லை. அது இஸ்ரோவின் வேலை. போர்டும் சென்சாரும் கையில் கொடுத்து, ஆன்லைனில் பயிற்சியும் கொடுத்தார்கள். அதை உட்கார்ந்து கற்று, ப்ரோகிராம் செய்தது மாணவிகள்.

2022 ஆகஸ்ட் 7, காலை 9.18 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகச் சீறிக் கிளம்பியது. பல ஊர் மாணவிகள் நேரிலேயே வந்திருந்தார்கள். கைதட்டல், விசில்... எல்லாம் கொஞ்ச நேரம்தான். ‘செயற்கைக்கோள்கள் இனி பயன்படாது’ என்று அன்றைக்கே இஸ்ரோ அறிவித்துவிட்டது.

என்ன ஆச்சு? ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஒரு அதிர்வு. சில நொடிகள்தான். வேகத்தைக் கணிக்கும் சென்சார்கள் அதில் தடுமாற, ‘சென்சார் எல்லாம் அவுட்’ என்று ராக்கெட்டின் கம்ப்யூட்டர் தப்பாக முடிவு கட்டிவிட்டது. 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கி.மீ. வரை இறங்கும் நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு கீழே வந்தால் காற்றே இழுத்துப் போட்டுவிடும். மாணவிகள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் உழைப்பு போச்சு!

அரியர் விழுந்த அன்னிக்கு நாம என்ன செய்வோம்? ‘நமக்கு இதெல்லாம் செட் ஆகாது மச்சி’ன்னு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். இங்கே யாரும் உட்காரவில்லை. இஸ்ரோ, அடுக்கு பிரியும் அமைப்பை மாற்றியது. கம்ப்யூட்டர் முடிவெடுக்கும் முறையையும் திருத்தியது. ஆசாதிசாட்-2 தயாரானது. 2023 பிப்ரவரி 10, காலை அதே 9.18 மணி! இந்த முறை கால் மணி நேரத்தில் 450 கி.மீ. உயரத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. நடுவில் ஆன காலம் ஆறே மாதம்.

‘அதெல்லாம் எங்கேயோ ஒண்ணு ரெண்டு’ என்கிறீர்களா? சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி பக்கம் கோதவாடி கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர். 2023-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசு பெண்கள் பள்ளி மாணவி. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம திண்டுக்கல்லிலேயே அரசு உதவி பெறும் அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் பள்ளியில், ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் 2023 ப்ளஸ் டூ தேர்வில் 600-க்கு 600 வாங்கினாரே!

இவர்களுக்குத் திறமை புதிதாக வரவில்லை. ஒரு போர்டு, ஒரு சென்சார், கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள்... இது கிடைத்தது, அவ்வளவுதான். அந்த ஆளாக நீங்களும் ஆகலாம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்றொரு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. பாஸ் பண்ணித் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பில் இருந்து ப்ளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000! கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்தாமல் காப்பாற்றும். உங்க பழைய ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட பெர்மிஷன் கேட்டு, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நாலு பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுங்களேன்.

நாளைக்கு பஸ்ஸில் யாராவது ‘‘எந்த ஸ்கூல்?’’னு கேட்டால், கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்... ‘‘கவர்மென்ட் ஸ்கூல்!’’