இன்னொருவர் எலும்பின் மேல் ஒரு பல்

பல்லைப் பிடுங்கினால் பல் மட்டும் போவதில்லை. அதைப் பிடித்திருந்த எலும்பும் கரையத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் அந்த இடத்துத் தாடை விளிம்பு ஏறக்குறையப் பாதி அகலத்தை இழந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். மெல்லும் வேலை இல்லாத எலும்பை உடம்பு சும்மா வைத்துக்கொள்வதில்லை. சில வருடம் கழித்து, செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகான இம்ப்ளான்ட் வைக்கப் போனால் அது நிற்க இடம் இல்லாமல் போகலாம். அப்போதுதான் மருத்துவர் சொல்வார்: "எலும்புப் பொடி வைக்கணும்."

யாருடைய எலும்பு? நம் தாடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்கலாம்; அதற்கு இன்னொரு காயம் தாங்க வேண்டும். மாட்டெலும்பில் செய்ததும் உண்டு. மற்றொன்று, மனிதர் கொடையாகத் தந்த எலும்பு. "செத்தவங்களோடதா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உயிரோடு இருப்பவர்களும் தருகிறார்கள்: இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டியெடுக்கும் தொடை எலும்பின் தலை வீணாகாமல் எலும்பு வங்கிக்குப் போகும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இந்த வேலையைச் செய்கிறது.

கொடையாளரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிகள் உண்டா என்று பார்ப்பார்கள். எலும்பிலிருந்து கொழுப்பையும் மஜ்ஜையையும் கழுவி நீக்கி, உறையவைத்து உலர்த்தி, காமா கதிரால் கிருமி நீக்குவார்கள். கடைசியில் கையில் வருவது ரவை போன்ற துகள். உயிரணு எதுவும் மிஞ்சாததால் சிறுநீரக மாற்றுக்குப் போல ரத்தவகை பொருத்தமோ, ஆயுள் முழுக்க மாத்திரையோ தேவையில்லை.

வைத்த எலும்பு அப்படியே நம் எலும்பாகிவிடும் என்று நினைப்பது தவறு. அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. அதைப் பற்றிக்கொண்டு ரத்தக்குழாய்கள் நுழையும். ஒருவகை அணுக்கள் பழையதை அரிக்க, இன்னொருவகை புதியதைக் கட்டும். 1965இல் எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் இன்னொரு வியப்பையும் காட்டினார்: கால்சியம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலும் அங்கே புது எலும்பு முளைத்தது. எலும்பை வளரத் தூண்டும் புரதம் அதற்குள் இருந்ததே காரணம். தாடையில் இம்ப்ளான்ட் வைக்கும் அளவுக்குப் புது எலும்பு உருவாகப் பெரும்பாலும் 4 முதல் 6 மாதம் ஆகும். புகைப்பவர்களுக்கு, வைத்த எலும்பு பிடிக்காமல் போகும் அபாயம் கூடுதல்.

ஆபத்தே இல்லையா? 2021இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து செய்த பொருள் 113 பேருக்கு வைக்கப்பட்டு, பலருக்குக் காசநோய் பரவியது. அது உயிரணுக்களைக் காக்க உறைநிலையில் வைத்த வகை. உலர்த்திக் கதிரூட்டிய பொடி அல்ல. அந்த 113 பேரையும் தேடிப் பிடிக்க உதவியவை பொட்டலத்தின் எண்கள்தான். அந்த எண் உள்ள ஒட்டுச்சீட்டு உங்கள் சிகிச்சைக் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.